இறக்கத்தில் மிச்சம் பிடிக்கும் டீசல்

காந்தலூருக்கு ஜீப்தான் கால். ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் விளையும் பூண்டும் காய்கறியும் மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்க வேண்டும். அரிசியும் மளிகையும் மேலே ஏற வேண்டும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் திணறி ஏறும் வண்டிக்கு டீசல் அதிகம் பிடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்காதா என்று டிரைவர்கள் ஏங்குவதில் வியப்பில்லை.

இந்த ஏக்கம் புதிதுமல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்களில் கரி அடுப்பைப் பொருத்தி, கரி வாயுவில் ஓட்டினார்கள். புகையும் கரியுமாக இருந்தாலும் அது நேர்மையான முயற்சி. கரி எரிந்தது, வண்டி ஓடியது. 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் கதை வேறு. தண்ணீரும் இலையும் பெட்ரோலாகும் என்று படித்தவர்களே நம்பினார்கள். 2016-ல் சென்னை நீதிமன்றம் மோசடி வழக்கில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஆயினும் ஆசை விடவில்லை. டீசல் குழாயில் காந்தம் கட்டுவது, பாட்டரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து அந்த வாயுவை இன்ஜினுக்குக் கொடுப்பது என்று பல கருவிகள் விற்கப்படுகின்றன. பாட்டரிக்கு மின்சாரம் தருவதும் அதே டீசல்தான் என்பதை வாங்குபவர் யோசிப்பதில்லை. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க அளவு எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவி ஒன்றையும் அது காணவில்லை.

காந்தமாவது பணத்தோடு போகும். இறக்கத்தில் நியூட்ரலில் தள்ளி இன்ஜினை நிறுத்தி உருட்டும் பழக்கம் உயிரோடு விளையாடுவது. கியரில் இருக்கும் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுகிறது. அது இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். இன்ஜின் நின்றால் பூஸ்டரின் உதவியும் சில மிதிகளுக்குப் பின் போய்விடும். பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பின்னால் கோஸும் கேரட்டும், மேலே ஆட்களும் இருக்கும்போது அடுத்த கொண்டை ஊசி வளைவில் என்ன செய்வது?

இத்தனை ஆபத்துக்கும் பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. இக்கால வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்கு எரிபொருள் போவது நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிறது.

உண்மையான சிக்கனம் எளிமையானது. டயரில் சரியான காற்று, சுத்தமான ஏர் ஃபில்டர், உரசாத பிரேக், அளவான பாரம், நின்ற இடத்தில் இன்ஜினை நிறுத்துவது, சமவெளி ரோட்டில் நிதான வேகம் ஆகியவை போதும். எதற்கும் காசு கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை.

டிரைவரை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. நடைக்கு இவ்வளவுதான் டீசல் என்று கணக்குப் போட்டுக் கொடுத்து, கூடினால் கூலியில் பிடிக்கும் உரிமையாளர் இருந்தால், அந்த டிரைவர் இறக்கத்தில் சாவியைத் திருப்பத்தான் செய்வார். ஏற்றத்துக்குத் தக்கபடி டீசல் தருவது உரிமையாளர்களின் கடமை. 1978 முதல் எரிபொருள் சிக்கனத்துக்காகவே இயங்கும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கமும், கேரள மோட்டார் வாகனத் துறையும் மறையூரிலும் காந்தலூரிலும் டிரைவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்த வேண்டும். அதை மலையாளத்தோடு தமிழிலும் நடத்தினால் சொல்வது உரியவர் காதில் ஏறும். அதிகாரிகள் கவனிப்பார்களா?