கிரேக்க எழுத்து வீட்டிலிருந்து ஒரு மடல்



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளிவந்தபோது, பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் நான்கு பக்க அச்சுமடல் ஒன்று வைத்திருந்தார். அமெரிக்க நாட்டில் பொறியியல் பயிலும் அவருடைய மூத்த மகனை, அங்குள்ள மாணவர் சகோதர சங்கம் ஒன்றின் கிளையில் சேரும்படி அழைத்திருக்கிறார்கள். சங்கத்தின் இயல்பை வீட்டாருக்கு விளக்கவேண்டி, அக்கிளை தன் பழைய மாணவர்களுக்கு அனுப்பும் செய்திமடலையே மகன் அனுப்பிவைத்திருந்தான்.

“ஐயா, வாசற்கதவின் மேல் கிரேக்க எழுத்து, உள்ளே சேரும்போது பிறர் அறியாத சடங்கு, பிரமாணமும் உண்டாம். இது ஃப்ரீமேசன்காரர் சங்கந்தானோ? பையன் நற்கருணை வாங்கக்கூடாதவன் ஆகிவிடுவானோ?” என்று அவர் கேட்டார். குரல் தழுதழுத்தது. பிள்ளையைப் பதினாயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு உறங்காமல் கிடக்கும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர் உளர். ஆகவே அவருக்குக் கூறியதை இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் மடலைப் படித்தோம். அச்சம் தரும் செய்தி எதுவும் அதில் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கூரை ஒழுகுகிறது, பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்பது முதற்பக்கம். புதிதாகச் சேர்ந்தோர் பெயர், கிளை மாணவர் பெற்ற மதிப்பெண், இரத்ததான முகாம் ஆகியன அடுத்த பக்கம். திருமணங்களும் பிறப்புகளும் மூன்றாம் பக்கம். கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டமிட்டு, ஆண்டுக்குள் இறந்துபோன பழைய உறுப்பினர் அறுவரின் பெயர்கள் இருந்தன. நம் பங்குச் செய்தியிதழுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று ஒரு கணம் தோன்றிற்று. கூரை ஒழுகாத பங்குதான் எது!

மடல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இச்சங்கங்களில் மாணவர் நான்காண்டு இருந்து போய்விடுவர். தலைவரும் பொருளாளரும் ஆண்டுதோறும் மாறுவர். வீடோ நிற்கிறது, வரியும் கடனும் நிற்கின்றன. ஆகையால் பல கிளைகளில், பழைய மாணவர் சேர்ந்து அமைத்த தனிக் கழகமே வீட்டுக்கு உடைமையாளராய் இருக்கிறது. அவர்களோடு தொடர்பு அறுந்தால் வீடு கைமாறிப்போகும். அன்பினால் எழுதும் மடல்தான், தேவையினாலும் எழுதுவது. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. நம் கல்லூரி நாளின் மாதா சபையில் நாற்பது பேர் இருந்தோம். இன்று அவருள் உயிரோடிருப்பவர் யார், இறைவனடி சேர்ந்தவர் யார் என்று நாம் அறியோம். நமக்கு எவரும் மடல் எழுதுவதில்லை. நாமும் எவருக்கும் எழுதவில்லை.

இனி வரலாறு. 1776 டிசம்பர் 5-ஆம் நாள், விர்ஜீனியாவில் வில்லியம்-மேரி கல்லூரி மாணவர் ஐவர் கூடி ‘ஃபை பீட்டா காப்பா’ என்ற கழகத்தைத் தொடங்கினர். கிரேக்க எழுத்தைப் பெயராகச் சூடும் வழக்கம் அதனோடு பிறந்தது. 1825-க்கும் 1827-க்கும் இடையில் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் மூன்று சங்கங்கள் எழுந்தன. இன்றைய சகோதர சங்கங்கள் அவற்றின் வழிவந்தவை. முன்னோடியான ஃபை பீட்டா காப்பாவோ 1831-இல் இரகசியப் பிரமாணத்தைக் கைவிட்டது. இன்று அது கல்வியிற் சிறந்தோரைப் பெருமைப்படுத்தும் கழகம் மட்டுமே. இரகசியம் இல்லாமலும் இத்தகைய கழகம் உயிர் வாழும் என்பதற்கு இதுவே சான்று.

அக்காலத்துச் சங்கங்கள் பலவற்றின் வாசல் கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் கறுப்பினத்தாருக்கும் மூடியே இருந்தது. மூடிய கதவின் முன் நின்றவர்கள் தமக்கென வீடு கட்டிக்கொண்டனர். பாப்டிஸ்டு சகோதரர்கள் 1764-இல் நிறுவிய பிரவுன் பல்கலைக்கழகத்தில், 1889-இல் கத்தோலிக்க மாணவர் ‘ஃபை காப்பா’ சங்கத்தைத் தோற்றுவித்தனர். பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்றே பெயர்கொண்ட ஊரிலுள்ள லீஹை பல்கலைக்கழகத்தில், 1919-இல் ‘தீட்டா காப்பா ஃபை’ எழுந்தது. இரண்டும் 1959-இல் இணைந்து ‘ஃபை காப்பா தீட்டா’ ஆயின. இன்று அது எச்சமயத்தாரையும் ஏற்கிறது. கறுப்பின மாணவர் 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’வைத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான்.

தந்தையின் கேள்விக்கு வருவோம். பாப்பரசர் 12-ஆம் கிளமெண்ட் 1738-இல் ஃப்ரீமேசன் சங்கத்தை விலக்கினார். அவ்விலக்கு மாறவில்லை என்பதை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1983-லும், மீண்டும் 2023-லும் உறுதிப்படுத்தியது. ஆனால் அது ஃப்ரீமேசன் சங்கத்தைப் பற்றியது. கிரேக்க எழுத்துடைய மாணவர் வீடு ஒவ்வொன்றையும் பற்றியதன்று. மாணவர் சேர்ந்து சகோதரராய் வாழ்வதைத் திருச்சபை என்றும் தடுத்ததில்லை. உரோமைக் கல்லூரியில் 1563-இல் சேசு சபைத் துறவி ஜான் லூனிஸ், மாணவர்களைக் கூட்டித் தேவதாயின் பெயரால் அமைத்த சபையை 1584-இல் பாப்பரசர் 13-ஆம் கிரகோரி அங்கீகரித்தார். நம் கல்லூரிகளின் மாதா சபைகள் அதன் கிளைகளே. ஆயினும் சேரும் பையன், “இப்பிரமாணத்தை என் ஆன்ம குருவிடம் நான் மறைக்கவேண்டுமா?” என்று கேட்டே ஆகவேண்டும். ஆம் என்றால் அங்கே நிற்க வேண்டாம்.

எனினும் நம் அச்சம் வேறிடத்தில் இருந்தது. தந்தை அதைக் கேட்கவே இல்லை. புதியவரைச் சேர்க்கும் நாளில் மதுவைத் திணிப்பதும், அவமானப்படுத்துவதும், உறக்கமின்றி வாட்டுவதும் அங்கே சில வீடுகளில் நெடுநாளைய தீமை. 2017-இல் பென்சில்வேனியாவின் ஒரு சங்க வீட்டில், 19 வயது மாணவன் ஒருவன் அளவின்றிக் குடிப்பிக்கப்பட்டு மாடிப்படியில் விழுந்தான். ‘சகோதரர்’ என்று அன்று மாலை அவனை அழைத்தவர்கள், ஏறக்குறைய 12 மணி நேரம் உதவிக்கு ஆள் அழைக்கவில்லை. அவன் இறந்தான். அடுத்த ஆண்டே அம்மாநிலம் கடுஞ்சட்டம் இயற்றியது. நம் தமிழகமும் மகன் ஒருவனைப் பறிகொடுத்த பின்னரே 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கண்டது. எங்கும் சட்டம் சவப்பெட்டிக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது.

2024 டிசம்பரில் அமெரிக்க அரசு முழுநாட்டுக்கும் ஒரு சட்டம் செய்தது. அதன்படி, இக்கொடுமைக்காகக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட மாணவர் சங்கங்களின் விவரத்தைக் கல்லூரிகள் யாவரும் காண வெளியிடவேண்டும். “அந்தப் பட்டியலில் இக்கிளையின் பெயர் உண்டா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள், செய்திமடல் அதைச் சொல்லாது” என்றோம். எந்த வீட்டு மடலும் தன் வீட்டு இழிவை அச்சிடாது அன்றோ. மேலும், 1893-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, புனித நியூமன் பெயரால் பல கல்லூரிகளில் பரவியுள்ள கத்தோலிக்க மாணவர் மன்றம் அங்கும் இருக்கக்கூடும். அதன் குருவானவர் எந்த வீடு எப்படிப்பட்டது என்பதை நம்மினும் நன்கு அறிவார்.

தந்தை தாளில் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொண்டார். பிரமாணத்தைப் பற்றி ஒன்று, பட்டியலைப் பற்றி ஒன்று. மூன்றாவது அவருடையது: “நீ குடிக்க மறுத்தால், உன் பக்கம் நிற்க அந்த வீட்டில் ஒருவனாவது இருக்கிறானா?”

மகனிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. மடல் நம் மேசைமேல் இருக்கிறது. கறுப்புக் கட்டத்திலிருந்த அறுவர் பெயரையும், நவம்பர் மாத ஆன்மாக்கள் திருப்பலிக்கான தாளில் நம் மாதா சபையாரின் பெயர்களுக்குக் கீழே எழுதியிருக்கிறோம். நம் சபையாருள் இறந்தவர் எவர் என்று தெரியாததால், நாற்பது பெயரையும் நினைவிலிருந்து எழுத முயன்றோம். இருபத்தேழு தான் வந்தது.