ரேம் விலை எகிறும் நேரத்தில் ஆபீஸ் லேப்டாப்: எதில் சேமிக்கலாம், எதில் கூடாது?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று பழைய லேப்டாப்பை இழுத்துக்கொண்டிருந்த ஆடிட்டர் அலுவலகங்கள், டிஸ்ட்ரிபியூட்டர்கள், பத்துப் பேர் வேலை செய்யும் ஸ்டார்ட்அப்கள் எல்லாம் புது மெஷின் பற்றி யோசிக்கத் தொடங்கின. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் உலகம் முழுவதும் ரேம் விலையும் ஏறத் தொடங்கியது.

விளைவு, கடையில் இரண்டு விதமாகத் தெரிகிறது. ஒன்று, அதே மாடல் கூடுதல் விலையில். இரண்டு, அதே விலையில், ஆனால் 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி ரேமுடன். இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. விலைச்சீட்டில் எதுவும் மாறியிருக்காது. ஒரு வருஷம் கழித்து வேலை செய்பவருக்குத்தான் தெரியும்.

ஏன் இந்த விலை?

உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏஐ சர்வர்களுக்குத் தேவைப்படும் எச்பிஎம் எனும் அதிவேக மெமரியையும் இவர்கள்தான் செய்கிறார்கள். மைக்ரான் சொன்ன கணக்குப்படி, ஒரே அளவு மெமரிக்கு, சாதாரண டிடிஆர்5 ரேமைவிட எச்பிஎம் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபரை விழுங்குகிறது. லாபமும் அதில்தான் அதிகம். எனவே ஆலைகளின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. 2025 டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் ‘குரூஷியல்’ பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது.

‘குஜராத்தில் மைக்ரான் ஆலை வருதே, இங்கே விலை குறையாதா?’ என்று கேட்கலாம். சானந்தில் நடப்பது வெளியிலிருந்து வரும் சிப்களைப் பேக்கேஜிங் செய்து சோதிக்கும் வேலை. வேஃபர் அங்கே தயாராவதில்லை. புது வேஃபர் ஆலை ஒன்றைக் கட்டி உற்பத்தி தொடங்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்தால் விலை பழைய இடத்துக்கு வந்துவிடும் என்ற கணக்கு இந்த முறை உறுதியில்லாதது.

அதற்காக எல்லோரும் உடனே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. 2018-க்குப் பிறகு வாங்கிய, எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட இன்டெல் சிப் உள்ள லேப்டாப் என்றால், பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறலாம். அதில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஒரு எஸ்எஸ்டி போட்டாலே மெஷின் ஆளே மாறிவிடும். மாற முடியாத மெஷினுக்கு மைக்ரோசாஃப்ட் காசுக்கு அப்டேட் தருகிறது. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு மெஷினுக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். ஓராண்டு தள்ளிப்போட இது சரி. மூன்று ஆண்டு கட்டுவதற்கு அந்தப் பணத்தைப் புது மெஷினில் போட்டுவிடலாம்.

‘சார், இது ஏஐ லேப்டாப்’

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், கடைக்காரர் முதலில் சொல்லும் வாக்கியம் இதுதான். ‘கோபைலட் பிளஸ் பிசி’ என்ற ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமானால், விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைப் போடக்கூடிய என்பியூ எனும் தனிப் பகுதி சிப்பில் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அலுவலகங்களில் இன்று அதிகம் பயன்படும் சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில். அதற்கு லேப்டாப்பின் என்பியூ தேவையே இல்லை. பிரவுசரும் இன்டர்நெட்டும் போதும். வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது, பேட்டரியைக் கொஞ்சம் மிச்சம் பிடிப்பது என்று சில வேலைகளுக்கு என்பியூ உதவுகிறது. அதற்காகப் பத்துப் பதினைந்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு அர்த்தமில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்டிக்கருக்கான இன்னொரு நிபந்தனை குறைந்தது 16 ஜிபி ரேம். இப்போதைய சந்தையில் அந்த ஸ்டிக்கரின் உருப்படியான பயன் ஒருவேளை அதுதான்.

16 ஜிபி ஏன் முக்கியம்? விண்டோஸ் 11, குரோமில் இருபது டேப், ஒரு பெரிய எக்செல் ஃபைல், டேலி, நடுவில் டீம்ஸ் மீட்டிங். இது ஒன்றும் பெரிய வேலை இல்லை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை. 8 ஜிபி இதற்கே திணறும். ‘இப்போ 8 எடுங்க, அப்புறம் ஏத்திக்கலாம்’ என்பது பழைய காலத்து யோசனை. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது; ஏற்றவே முடியாது. சிலவற்றில் பாதி சால்டர், பாதி ஸ்லாட். வாங்கும் முன் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, ஸ்லாட் உண்டா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். ஸ்டோரேஜில் இந்தச் சிக்கல் குறைவு. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம். பணம் இடித்தால் 1 டிபி வேண்டாம், 512-இல் நிறுத்தலாம். ரேமில் நிறுத்தக் கூடாது.

பெயரில் புது, உள்ளே பழசு

பிராசஸர் விஷயத்தில் நம்பரைப் பார்த்து ஏமாற நிறைய வாய்ப்பு உண்டு. ஏஎம்டியின் ‘ரைசன் 7 7730யு’ என்ற பெயரில் இரண்டு ஏழு இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது 2020-இல் வந்த ஜென் 3 வடிவமைப்பு. அந்த நான்கு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும்: 7840யு என்றால் ஜென் 4, 7520யு என்றால் அதைவிடப் பழைய ஜென் 2. இன்டெலிலும் ‘கோர் 7 150யு’ என்பதும் ‘கோர் அல்ட்ரா 7’ என்பதும் ஒன்றல்ல. முன்னது பழைய தலைமுறையின் மறுபதிப்பு. பழைய சிப் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. பில்லிங், கணக்கு, மெயிலுக்கு 7730யு இன்றும் தாராளம். பழைய சிப்புக்குப் புது விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படிச் சேமித்த பணத்தை ரேமுக்குக் கொண்டுபோகலாம்.

இதைவிட அதிகம் கைகடிக்கும் விஷயங்கள் விளம்பரத்தில் வராது. டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன் பெரும்பாலும் பழைய அகலமான யுஎஸ்பி-ஏ போர்ட்டில்தான் செருகும். யுஎஸ்பி-சி மட்டுமே உள்ள அழகான லேப்டாப்பை வாங்கிய அலுவலகம், ரிட்டர்ன் தாக்கல் நாளில் டாங்கிள் தேடி அலையும். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கிறது, உண்மைதான். சாதாரண மென்பொருள்கள் பலவும் அதில் ஓடிவிடும். ஆனால் பிரிண்டர், கைரேகைக் கருவி, டோக்கன் போன்றவற்றின் டிரைவர் அந்தச் சிப்புக்கென்றே தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய கருவிகளுக்கு அது பல நேரம் கிடைக்காது. மேக்புக் ஏரும் இப்போது குறைந்தபட்சம் 16 ஜிபியோடுதான் வருகிறது. டிசைன், கோடிங் வேலைக்கு அது அருமையான மெஷின். டேலியை நம்பி நடக்கும் அலுவலகத்துக்கு அல்ல, ஏனென்றால் டேலி விண்டோஸுக்கான மென்பொருள்.

ஹோமா, புரோவா?

பெரிய சில்லறைக் கடைகளிலும் ஆன்லைன் ஆஃபர்களிலும் கிடைப்பவை பெரும்பாலும் வீட்டு உபயோக வரிசைகள்: ஐடியாபேட், பெவிலியன், இன்ஸ்பிரான் போன்றவை. இதே நிறுவனங்களுக்கு திங்க்பேட், புரோபுக், டெல் புரோ (முன்பு லேட்டிட்யூட்) என்று தனி பிசினஸ் வரிசைகள் இருக்கின்றன. அதே பிராசஸர், அதே ரேம், விலை மட்டும் கூடுதல். எதற்கு?

பெரிய வித்தியாசம் சர்வீஸில்தான். வீட்டு வரிசையில் பொதுவாக ஓராண்டு வாரண்டி. பிசினஸ் வரிசையில் மூன்றாண்டு ஆன்-சைட் வாரண்டி எடுக்க முடியும்; டெக்னீஷியன் அலுவலகத்துக்கே வந்து பார்ப்பார். ஒரு ஊழியரின் மெஷின் சர்வீஸ் சென்டரில் பத்து நாள் கிடந்தால், அந்தப் பத்து நாள் சம்பளமும் முடங்கிய வேலையும் லேப்டாப்பின் விலையில் சேர்ந்ததுதான். சென்னை, கோவைக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் பின்கோடுக்கு ஆன்-சைட் சேவை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ‘இந்தியா முழுக்க சர்வீஸ் உண்டு’ என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

அடுத்தது விண்டோஸ் புரோ. வெளியிலிருந்து அலுவலக மெஷினுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய வேண்டுமென்றால், அந்த அலுவலக மெஷினில் புரோ இருக்க வேண்டும். ஹோமில் அந்த வசதி இல்லை. டிஸ்கை முழுவதும் பூட்டும் பிட்லாக்கரை முறையாக நிர்வகிப்பதும் புரோவில்தான். ஆடிட்டர் அலுவலக லேப்டாப் ஒன்றில் எத்தனை பேரின் பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் இருக்கும் என்று யோசித்தால் இதன் எடை புரியும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன; நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சின்ன அலுவலகத்துக்கு அந்த உச்சத் தொகை விழாமல் போகலாம். ஆனால் இன்று வாங்கும் மெஷின் அந்தத் தேதியைத் தாண்டியும் உழைக்கப்போகிறது.

பில் யார் பெயரில்?

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 70,800 ரூபாய் மெஷினில் 10,800 ரூபாய் வரி. ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம், தன் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் வாங்கினால் அந்தத் தொகையை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். ஆன்லைனில் அவசரத்தில் சொந்தப் பெயரில் ஆர்டர் போட்டுவிட்டால் அது போச்சு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது.

மீதி 60,000 ரூபாய்க்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம், முதல் ஆண்டில் 24,000 ரூபாய். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதிதான், அதாவது 12,000. ‘மார்ச் 31-க்குள்ள வாங்கினா டாக்ஸ் மிச்சம்’ என்று அவசரப்படுபவர்களுக்குக் கிடைப்பது இந்தப் பாதி. வரவாக எடுத்த ஜிஎஸ்டி தொகைக்குத் தேய்மானம் கேட்க முடியாது. உத்தேச வருமான முறையில் வரி கட்டுபவர்களும் தனியாகத் தேய்மானம் கேட்க முடியாது.

பட்ஜெட் 30,000-ஐத் தாண்டாது என்பவர்கள், 8 ஜிபி புது மெஷினைவிடப் பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பிசினஸ் லேப்டாப்பைப் பார்ப்பது புத்திசாலித்தனம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை ஏராளம். விண்டோஸ் 10 முடிந்ததால் கழித்துவிடப்பட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களும் அதே குவியலில் கிடக்கின்றன என்பதுதான் சிக்கல். ‘ஐ7’ என்ற எழுத்தைப் பார்க்காமல் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ7-6600யு என்றால் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. ஐ5-8350யு என்றால் எட்டாம் தலைமுறை, அது மாறும். பேட்டரியைக் கழற்றிப் புதிது போடச் சொல்லி, அந்த விலையையும் சேர்த்தே பேரம் பேசலாம். ஜிஎஸ்டி பில் தர மறுக்கும் கடையை விட்டுவிடலாம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள், வாடிக்கையாளர் ஃபைல்கள் உள்ள டிஸ்கை முழுதாக அழித்த பிறகு கொடுக்க வேண்டும், அல்லது எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுக்கலாம். எக்ஸ்சேஞ்ச் விலையில் அதற்குச் சில நூறோ ஆயிரமோ குறைப்பார்கள்.