புகழ்க்கூடத்தை எங்கே கட்டுவது?

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தை இன்றைய மொழியில் ஒரு 'ஹால் ஆஃப் ஃபேம்' என்று சொல்லலாம். அந்த அறுபத்து மூவர் பட்டியலில் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவாரும் உண்டு. ஆனால் தில்லைக்குள் நுழைய அவர் மட்டும் தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழ வேண்டியிருந்தது. அவருடைய சிலை சிவன் கோயில் பிரகாரத்தில் நின்ற காலமெல்லாம் அவருடைய மக்கள் கோயிலுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது.

ஆகவே, புகழ்க்கூடம் என்று யார் பேசினாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. யாருடைய பெயரை எழுதுகிறீர்கள்? அதை எந்த இடத்தில், யார் வந்து பார்க்கும்படி வைக்கிறீர்கள்?

முதல் கேள்விக்குச் சென்னை ஏற்கெனவே ஒரு பதிலைச் சொல்லிவைத்திருக்கிறது. சேப்பாக்கம் மைதானத்துக்கு எம்.ஏ.சிதம்பரம் பெயர், அவர் தொழிலதிபர், கிரிக்கெட் வாரியத் தலைவர். எழும்பூர் ஹாக்கி மைதானத்துக்கு மேயர் ராதாகிருஷ்ணன் பெயர். பெரியமேட்டில் நேரு. மூன்றில் ஒன்றுகூட களத்தில் ஆடிப் புகழ்பெற்றவரின் பெயர் இல்லை. நகரத்தின் நடுவில் இருக்கும் சுவர்களில் யார் பெயர் ஏறும் என்பது இப்படித்தான் முடிவாகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 'கூட்டம் வர வேண்டுமானால் பெரிய நகரத்தின் மையத்தில் கட்டு' என்பார்கள். அதற்குச் சான்றும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஒனியோன்டா என்ற சிற்றூரில் இருந்த அமெரிக்கக் கால்பந்துப் புகழ்க்கூடம் ஆள் வராமல் 2010இல் மூடப்பட்டது; 2018இல் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில் ஒரு ஸ்டேடியத்துக்குள் மறுபடி திறந்தது. இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகமும் பிரஸ்டனிலிருந்து 2012இல் மான்செஸ்டருக்கு இடம்பெயர்ந்தது.

ஆனால் அதே நியூயார்க் மாநிலத்தில், ஒனியோன்டாவுக்குப் பக்கத்தில், அதைவிடச் சிறிய கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்க்கூடம் 1939 முதல் செழிப்பாக நடக்கிறது. பேஸ்பால் அங்கேதான் பிறந்தது என்ற கதை பொய்யென்று வரலாற்றாளர்கள் நிறுவிவிட்டார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடித்துப்போன ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க, சிங்கர் தையல் இயந்திரச் செல்வத்தின் வாரிசு ஒருவர் முன்னின்று எழுப்பிய கூடம் அது. ஒதுக்குப்புறமான ஊர்கூட, பணமும் ஒரு புராணமும் சேர்ந்தால் புண்ணியத்தலம் ஆகிவிடும். தலபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

அந்தப் புண்ணியத்தலம் கறுப்பின வீரர்களை எப்படி நடத்தியது? நிறவெறியால் தனி லீக்குகளில் ஆட வைக்கப்பட்டவர்களில் முதலாமவராக 1971இல் சாட்செல் பெய்ஜைத் தேர்ந்தெடுத்தபோது, அவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். புகழிலும் இரட்டைக் குவளை! எதிர்ப்பு கிளம்பிய பிறகே சமமான இடம் கிடைத்தது. கறுப்பின மக்கள் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கவில்லை. கறுப்பின லீக் 1920இல் தொடங்கப்பட்ட கான்சாஸ் சிட்டியில், தங்கள் இசையும் வாழ்வும் தழைத்த 18ஆம் தெரு, வைன் தெருப் பகுதியில், 1990இல் சொந்த அருங்காட்சியகம் தொடங்கினார்கள். அங்கே நுழையும் குழந்தை தன் தெருவின் வரலாற்றுக்குள் நுழைகிறது.

இப்போது நம் தென்சென்னைப் புறநகருக்கு வருவோம். 2025 மே மாதம், பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் இருக்கும் அனகாபுத்தூரில், அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த மக்கள் பெரும்பாக்கம், கீரப்பாக்கம், தைலாவரம் என்று பிரித்து அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இப்படி நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட உழைக்கும் மக்களைக் கொண்டு உருவானவைதான். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை மறுக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்.

அந்த முகவரியிலிருந்துதான் கார்த்திகா வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவர். பாராட்டு, பரிசுத்தொகை எல்லாம் வந்தன. மகிழ்ச்சி. ஆனால் அடுத்த கார்த்திகா ஆட நல்ல மைதானம் வேண்டும் என்ற கோரிக்கைதான் அந்த வெற்றியின் உண்மையான செய்தி.

செம்மஞ்சேரியில் உலகத்தரத்தில் விளையாட்டு நகரம் அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. மீள்குடியேற்றக் குடியிருப்பின் பக்கத்திலேயே அது வரப்போகிறது. அதன் கதவு ஓ.எம்.ஆர். பக்கம் மட்டும் திறக்குமா, குடியிருப்பின் பக்கமும் திறக்குமா? அங்கே ஒரு புகழ்க்கூடம் எழுப்பினால் மூன்று விஷயங்களில் நாம் உறுதியாக இருக்க வேண்டும். கட்டணம் கூடாது. கூடத்தோடு சேர்ந்து உள்ளூர்ப் பிள்ளைகள் தினமும் ஆடக்கூடிய கபடி, கேரம், குத்துச்சண்டைக் களங்கள் வேண்டும். தேர்வுக் குழுவில் தலித்துகளும் பெண்களும் பெயரளவுக்கு இல்லாமல் பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

அந்தக் குழு தன் முதல் கூட்டத்தில் புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனைத் தேர்ந்தெடுக்கட்டும். செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண்ணான அவர் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பெயரால் அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லாத அவரை நம் கூடம் சேர்க்குமென்றால், எந்தத் தீயிலும் இறங்கச் சொல்லாமல் சேர்க்குமென்றால், அப்படியொரு கூடத்தைச் செம்மஞ்சேரியில் கட்டச் சொல்லி நாம் குரல் கொடுக்கலாம். அடிக்கல் நாட்டு விழாவுக்கு முன்பே கேட்டாக வேண்டிய கோரிக்கை இது.