எலை என்று சொன்னால் தமிழ் கெட்டுவிடுமா?

போடியில் இருந்து போடிமெட்டு ஏறும் ஜீப்பில், ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்களிடம் டிரைவர் சொல்வார்: "எடம் வந்துருச்சு, எறங்குங்க." இதையே ஒரு பையன் வகுப்பில் சொன்னால் போச்சு! "எடமா? இடம்னு சொல்லுடா" என்று ஒரு குட்டு, கூடவே வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அப்புறம் அவன் வாயைத் திறப்பானா?

கொச்சையாம், சோம்பலாம். சோம்பல் என்றால் கண்ட இடத்திலும் வரவேண்டுமே! குளத்தைக் கொளம் என்கிற அதே வாய், குளி என்பதைக் கொளி என்று ஒருநாளும் சொல்வதில்லை. இடம் எடமாகும், இடி எடியாகாது. குடை கொடையாகும், குப்பை கொப்பையாகாது. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த மெய் இரட்டிக்காமல், அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால்தான் இ எ-வாகும், உ ஒ-வாகும். அகரத்துக்கு வாய் திறக்க வேண்டும் அல்லவா? முந்தின உயிர் முன்கூட்டியே பாதி திறந்துகொள்கிறது, அவ்வளவுதான். வெளியில் இருந்து வந்த நிஜமும் விஷயமும்கூட நெஜம், வெஷயம் ஆகிவிட்டன. யாரும் சொல்லித் தராமலே இத்தனை ஒழுங்கு!

"தெலுங்கும் கன்னடமும் கலந்ததால் வந்த கேடு" என்று இன்னொரு கட்சி. போடியில் மூன்று மொழியும் புழங்குவது உண்மைதான். ஆனால் சென்னையிலும் தஞ்சாவூரிலும் எலைதானே? புகை தெலுங்கில் பொக, கன்னடத்தில் ஹொகெ, மலையாளத்தில் புக. இந்த மாற்றத்தைப் பர்ரோ 1940-லும், பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958-லும் ஆராய்ந்து எழுதினார்கள். அகரத்துக்கு முன்னால் எ, ஒ இருந்ததுதான் பழைய நிலை, தமிழும் மலையாளமும்தான் அதை இ, உ ஆக்கின என்பது அவர்கள் கட்சி. அதாவது, வாத்தியார் தூய்மை என்று காட்டும் 'இலை'யே ஒரு காலத்து மாற்றம்! பேச்சுத்தமிழ் பிற்பாடு மறுபடி எ, ஒ பக்கம் திரும்பியது.

நஷ்டமும் உண்டு. குடையும் கொடையும் காதுக்கு ஒன்றாகிவிட்டன. எழுத்தில் பழையபடியே இருக்கட்டும், அதனால் ஒன்றும் கெடவில்லை. குஜராத்தியில் ஏ, ஓ இரண்டும் இறுக்கமாகவும் அகலமாகவும் இரண்டு விதமாக ஒலிக்கும், எழுத்து என்னவோ ஒன்றுதான். அங்கே பிள்ளைகள் படிக்காமலா போனார்கள்?

பரீட்சைத் தாளில் எலை என்று எழுதினால் மார்க்கைக் குறையுங்கள், நியாயம். வாயால் சொன்னதற்குக் குட்டு எதற்கு? குட்டுகிறவரே மத்தியானம் மெஸ்ஸில் உட்கார்ந்து "எலையப் போடுப்பா" என்றுதானே சொல்கிறார்!