மழைநீர்ச் சேமிப்பு: வரவும் செலவும்

எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியேறியுள்ள நம்மவர் குடும்பங்களுக்கு, வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகக் கவலை தருவது தண்ணீரே. காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டுப் பெங்களூரை வந்தடைகிறது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. லாரித் தண்ணீருக்கு மக்கள் காத்துக் கிடந்தனர். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு, ஐந்து கிலோமீட்டருக்குள், 1,000 ரூபாய் என்று அரசு அதிகாரிகள் விலை வரையறுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, கூரையில் விழும் மழையைச் சேமிப்பதால் நன்மை எவ்வளவு, தொல்லை எவ்வளவு என்று இவ்விதழில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் வரவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஏறத்தாழ 90,000 லிட்டர் விழும். ஆவியாவதும் வீணாவதும் போக, 70,000 லிட்டரேனும் கிட்டும். நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவின்படி, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது நான்கு மாதத் தேவையாகும். அன்றியும் மழைநீர் மென்னீர். துணிக்குச் சோப்பு குறைவாகச் செலவாகும், வெந்நீர்க் கொதிகலனில் உப்புப் படியாது.

இனிச் செலவு. மழை நம் வசதிக்கேற்பப் பகிர்ந்து பெய்வதில்லை. பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையில் கொட்டிவிடும். தை, மாசியில் வானம் கைவிரிக்கும். 6,000 லிட்டர் சம்ப் நிரம்பினாலும் அக்குடும்பத்துக்குப் பதினொரு நாளுக்கே வரும். அதற்கு மேற்பட்டது வழிந்தோடும். 70,000 லிட்டர் என்பது லாரிக் கணக்கில் ஆறு வண்டிக்கும் குறைவு. மேற்சொன்ன விலையில் 6,000 ரூபாய்க்குள் அடங்கும். இதற்கெனப் பெருந்தொட்டி புதிதாகக் கட்டினால் போட்ட பணம் விரைவில் திரும்பாது. அடுக்குமாடியிலோ, ஒரே கூரையைப் பதினாறு வீடுகள் பங்கிட்டால், ஒரு வீட்டுக்கு எட்டு நாள் தண்ணீரே மிஞ்சும்.

பராமரிப்பும் எளிதன்று. புறா எச்சமும் தூசியும் படிந்த மாடியின் முதல் மழைநீரை வெளியேற்றிவிட வேண்டும். மணலும் ஜல்லியும் இட்ட வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். மூடாத தொட்டியில் டெங்குக் கொசு பெருகும். குடிப்பதற்குக் கொதிக்க வைத்தல் இன்றியமையாதது. எனினும் கொதிநீரில் கிருமிகள் மடியுமேயன்றி இரசாயன மாசு நீங்காது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வீட்டில் ஏற்கெனவே உள்ள சம்பில் வடிகட்டிய மழைநீரைச் சேர்ப்பதே சிக்கனமான வழி. குழாயும் வடிகட்டியுமே செலவு. வழியும் நீரை உறைகிணற்றில் இறக்கலாம். அக்கிணறுகளைத் தோண்டுவதில் வல்லவரான மண்ணு வட்டர் குடியினர் இந்நகரில் இன்றும் உள்ளனர். ஆயின், இப்பகுதி பாறை நிலம். இறக்கிய நீர் நம் வீட்டடியிலேயே நிற்குமென்று எண்ணற்க. அண்டை வீட்டாருக்கும் அது பயன்படும். வடிகட்டாத நீரை நேராக ஆழ்துளைக் கிணற்றில் விடுவது மட்டும் தகாது. மாசு நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

பெங்களூரில் 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் இவ்வேற்பாடு கட்டாயமாயிற்று. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. அங்கே பின்னர் நல்ல மழை பெய்தபோது கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததுண்டு. ஆயினும் 2019ஆம் ஆண்டு சென்னையின் ஏரிகள் வறண்டபோது, பல வீடுகளில் அக்குழிகள் மண்மூடிக் கிடந்தன. சட்டத்துக்கு அஞ்சிக் கட்டியது, கவனிப்பாரின்றிப் பாழாயிற்று.

நம்மில் பலர் வாடகைக்குக் குடியிருப்போர். தொட்டி வீட்டுக்காரருடையது, லாரிக்குப் பணம் தருவதோ நாம். ஆதலால், சித்திரை பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு ஏறிச் சென்று, மழைக்குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அது சாக்கடையில் முடியுமானால், உடன் குடியிருப்போரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள். வடிகட்டிச் செலவை அவர் ஏற்கட்டும். மாடியைப் பெருக்கும் முறையை நாம் ஏற்போம்.