செயலி வரட்டும், அலைவரிசை போக வேண்டாம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் வானொலி கேட்பது புதிய பழக்கமன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழர்கள் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. மண்ணுக்குத்தான் எல்லை, காற்றுக்கு இல்லை. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையமும், கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும், 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கிய நாகர்கோவில் நிலையமும் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் நிற்காமலே இப்பக்கம் வந்தன.

இன்று அந்த நிலையங்கள் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் 240-க்கும் மேற்பட்ட ஒலிபரப்புகள் நேரலையாகக் கிடைக்கின்றன. எர்ணாகுளத்தில் கட்டட வேலை செய்யும் தென்காசிக்காரரும் தம் ஊர்ப் பக்கத்து நிலையத்தைக் கேட்கலாம். இது பெரிய லாபம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் செயலி வேறு, வானொலி வேறு. கோபுரம் ஒருமுறை அனுப்புவதை ஆயிரம் பேரும் கேட்கலாம், லட்சம் பேரும் கேட்கலாம். செயலியிலோ ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியே, சில வினாடித் துண்டுகளாக ஒலி வந்து, சற்றுச் சேர்ந்த பின்பே ஒலிக்கிறது. செயலியில் செய்தி பிந்தி வருவது இதனால்தான். வினாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் கேட்டால் மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். இது பெருந்தொகை அன்று. ஆயினும் ரீசார்ஜ் தீர்ந்த அன்று வானொலியும் தீர்ந்தது! வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டிய காலம் 1980-களில் முடிந்தது என்று மகிழ்ந்தோமே, அது வேறு வாசல் வழியாகத் திரும்பியிருக்கிறது.

காலை ரயிலில் திருவனந்தபுரம் போகும் குமாஸ்தாக்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. குழித்துறை தாண்டிப் பாறசாலை நெருங்கும்போது கைப்பேசி தமிழ்நாட்டு வட்டத்திலிருந்து கேரள வட்டத்துக்கு மாறுகிறது. சில வேளை அந்த இடத்தில் பாட்டு நின்று திரையில் சக்கரம் சுற்றும். அலைவரிசை மதிக்காத எல்லையைச் செயலி மதிக்கிறது.

இவையெல்லாம் சிறு தொல்லைகள். ஒக்கிப் புயலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன, கைப்பேசிகளும் செயலிழந்தன. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரிக் கடற்கரையைப் போலவே நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பொழியூரும் தவித்தது. கரையைவிட்டுச் சில மைல் போனாலே கைப்பேசிக்குத் தொடர்பு இல்லை; மத்திய அலை ஒலிபரப்போ கடல்மீது வெகுதூரம் செல்லக் கூடியது. இரண்டு பாட்டரி போட்ட சிறு பெட்டிக்கு மின்சாரமும் வேண்டாம், கைப்பேசிக் கோபுரமும் வேண்டாம்.

இந்நிலையில் பிரசார் பாரதி நாட்டின் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடி வந்திருக்கிறது. பழைய கருவிகளைப் பேணுவது செலவு என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 'செயலியில் கேட்டுக்கொள்ளலாமே' என்ற பதில் மட்டும் போதாது. கடலோர எல்லைப் பகுதிக்கு எட்டும் ஒலிபரப்பு ஒன்றை நிறுத்துமுன், கேட்கும் மக்களையும் மீனவர்களையும் கலந்து பேச வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். கைப்பேசிகளில் எஃப்.எம். வானொலி வசதியை நீக்கவோ முடக்கவோ கூடாது என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஏப்ரலில் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை கூறியது. அறிவுரையைக் கட்டளையாக்கினால், டேட்டா தீர்ந்த கைப்பேசியிலும் பாறசாலைக்காரர் நாகர்கோவிலைக் கேட்கலாம்.