பார்ச்சூனரா... எண்டவரா? மலைப்பாதையில் மல்லுக்கட்டும் ராட்சத கார்கள்! வாங்கும் முன் இந்த கணக்கை பாருங்க

ஊட்டி:
நீலகிரியில் சீசன் களை கட்டினால் போதும், பர்லியார் முதல் தொட்டபெட்டா வரை ரோட்டை அடைத்துக் கொண்டு நிற்பவை ராட்சத சொகுசு கார்கள். அதில் வெள்ளை நிற டொயோட்டா பார்ச்சூனர் ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. அதற்கு ஈடாக நெஞ்சை நிமிர்த்தி ஓடிய இன்னொரு வண்டி போர்டு எண்டவர்.

இது பணக்காரர் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கி விட முடியாது. இரண்டு காரணம் இருக்கு. ஒன்று, இந்த வண்டிகள் பழசாகி செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வருகின்றன. பெரிய வண்டி இருந்தால் பெரிய சவாரி கிடைக்கும் என்று கடன் வாங்கி கை வைக்க நினைக்கும் டூரிஸ்ட் டிரைவர்கள் உண்டு. இன்னொன்று, இந்த வண்டிகளுக்கு எதிரே பஸ்சிலும் ஆட்டோவிலும் பைக்கிலும் வருவது நாம்தான்.

சரி, இரண்டில் எது மலைக்கு சரிப்படும்?

யார் பெரியவன்?

எண்டவர்தான் இந்தியாவுக்கு மூத்தவர். 2003ல் வந்து விட்டது. சென்னையை அடுத்த மறைமலைநகர் தொழிற்சாலையில் நம்ம ஆட்கள் கையால் உருவான வண்டி. பார்ச்சூனர் 2009ல் வந்தது. கர்நாடகாவில் பிடதி தொழிற்சாலையில் தயாராகிறது.

இரண்டுக்கும் 2016ல் புது உருவம் கிடைத்தது. எண்டவர் ஜனவரியில் வந்தது. பார்ச்சூனர் நவம்பரில் வந்தது. அன்றைக்கு எண்டவரின் கை ஓங்கி இருந்தது. அதன் 3.2 லிட்டர் இன்ஜினுக்கு 200 குதிரை சக்தி. பார்ச்சூனரின் 2.8 லிட்டர் இன்ஜினுக்கு 177. எண்டவர் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவதால் கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் திருப்பலாம். பார்ச்சூனர் ஸ்டியரிங் கனம். நாலு வளைவு ஏறினால் தோள் வலிக்கும்.

2020ல் எண்டவரில் 10 கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் வந்தது, ஆனால் இன்ஜினை 2 லிட்டராக குறைத்து விட்டார்கள். 2021 ஜனவரியில் பார்ச்சூனர் தன் இன்ஜினை 204 குதிரை சக்திக்கு உயர்த்தியது. போட்டி சூடு பிடித்த நேரத்தில்தான் இடி விழுந்தது.

கம்பெனி கிளம்பிய கதை

2021 செப்டம்பர் 9ந்தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக போர்டு அறிவித்தது. மறைமலைநகர் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு 2022ல் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2022 ஜூலையில் அங்கிருந்து கடைசி கார் வெளியே வந்தது. அதோடு புது எண்டவர் என்ற பேச்சே முடிந்தது.

பழைய வண்டிகளுக்கு சர்வீசும் பார்ட்சும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. இருந்தாலும் புது வண்டி விற்காத கம்பெனியின் ஷோரூம் எத்தனை நாள் தாங்கும்? 2025 அக்டோபரில் போர்டு மீண்டும் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது உண்மை. ஆனால் அது 2029 முதல் இன்ஜின் தயாரிக்கும் திட்டம். எண்டவர் திரும்பி வருகிறது என்று அர்த்தம் இல்லை.

பார்ச்சூனர் கதை வேறு. அதற்கு இன்னோவா என்ற தம்பி இருக்கு. 2016 முதல் 2020 வரை வந்த இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் இதே 2.8 லிட்டர் இன்ஜின்தான். இன்னோவாவில் கை பழகிய மெக்கானிக்கிற்கு பார்ச்சூனர் புதுசு இல்லை. எண்டவருக்கு இங்கே அப்படி ஒரு தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை.

சீசனில் ஒரு பார்ட்ஸ் வராமல் 10 நாள் வண்டி நின்றால் முதலாளிக்கு எரிச்சல். டிரைவருக்கோ அந்த வருஷ வருமானமே போச்சு.

4 சென்டி மீட்டர்தான் மிச்சம்!

இப்போது அகலத்துக்கு வருவோம். கண்ணாடியை விட்டு விட்டு அளந்தால் பார்ச்சூனர் 1,855 மி.மீ. அகலம். எண்டவர் 1,869 மி.மீ. நீளம் பார்ச்சூனர் 4.8 மீட்டர், எண்டவர் 4.9 மீட்டர்.

ஒற்றை வழி கிராமச் சாலைக்கு பொதுவாக வகுத்துள்ள தார் அகலம் 3.75 மீட்டர். கணக்கு போட்டு பாருங்க. அந்த ரோட்டில் இரண்டு பார்ச்சூனர் எதிரும் புதிருமாக வந்தால் மிச்சம் வெறும் 4 சென்டி மீட்டர். இரண்டு எண்டவர் வந்தால் 1 சென்டி மீட்டர் சொச்சம். இரண்டு கண்ணாடியையும் விரித்தால் அதுவும் இல்லை. 2 கோடி ரூபாயை தாண்டும் லேண்ட் குரூசர் என்றால் ஒன்றின் அகலமே 1,980 மி.மீ. இரண்டு வந்தால் ரோடே பத்தாது.

எதிரே அரசு பஸ் வந்தால்? பஸ்சின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே ஆகணும். ஒரு பக்கம் தேயிலைத் தோட்டத்து தடுப்புச்சுவர், மறுபக்கம் பள்ளம். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர் இங்கே ரிவர்ஸ் எடுக்க திணறினால் பின்னால் பள்ளிக்கூட வேன், பால் வண்டி, 108 ஆம்புலன்ஸ் எல்லாம் வரிசை கட்டி நிற்கும்.

சட்டம் தெளிவாக இருக்கு. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கும் வண்டி ஒதுங்கி வழி விடணும். 40 லட்ச ரூபாய் கார் என்பதற்காக சட்டத்தில் தனி சலுகை கிடையாது.

இறக்கத்தில்தான் எமன்

ஏறும்போது எந்த பெரிய வண்டியும் ஏறி விடும். சோதனை இறக்கத்தில்தான். ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் போய் சேர்வதற்குள் 1,900 மீட்டருக்கு மேல் இறங்கணும். குன்னூருக்கும் கல்லாருக்கும் நடுவே மட்டும் 14 கொண்டை ஊசி வளைவு.

இந்த கார்களின் எடை 2 டன்னுக்கு மேல். ஒரு சின்ன கார் முக்கால் டன். பெரிய வண்டிக்கு பிரேக்கும் பெரிதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேடு சூடாகும். அடுத்து பிரேக் ஆயில் கொதிக்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதன் பிறகு மிதித்தாலும் வண்டி நிற்காது.

ஆட்டோமேட்டிக் வண்டியில்தான் ஆபத்து அதிகம். 'டி'யில் போட்டு விட்டால் வண்டி தானாகவே மேல் கியருக்கு தாவும். இன்ஜின் பிடிமானம் குறைந்து விடும். பார்ச்சூனரிலும் சரி, எண்டவரிலும் சரி, கியரை கையால் மாற்றி பிடித்து வைக்க வசதி இருக்கு. அதை பயன்படுத்தி இரண்டாவது கியரில் இறங்கணும். 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று மலைப்பாதை நெடுக போர்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை.

ஃபோர் வீல் டிரைவ் மாடலில் இறக்கத்தில் வேகத்தை பிடித்து வைக்கும் வசதியும் உண்டு. அது செங்குத்தான மண் பாதைக்கு உதவும். அதை நம்பி தார் ரோட்டில் பறக்க முடியாது. பார்ச்சூனர் ஃபோர் வீல் மாடலை காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் டயரும் கியர் பாகங்களும் தேயும். ஃபோர் வீல் இருக்கே என்று காட்டுக்குள் இறக்கினால் வனத்துறை வழக்குதான்.

பள்ளத்துக்கு வண்டியின் விலை தெரியாது. 2018 அக்டோபரில் கல்லட்டி மலைப்பாதையில் சென்னையில் இருந்து வந்த 7 பேரோடு ஒரு கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. 2 நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். 5 பேர் பலியானார்கள். 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட அந்த பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்க தடை போட்டது அதன் பிறகுதான். 2023 செப்டம்பர் 30ந்தேதி மரப்பாலம் அருகே சுற்றுலா பஸ் கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். இந்த மலையின் ரோடு அப்படி.

ஒரு லட்சம் கிலோ தேயிலை

விலைக்கு வருவோம். புது பார்ச்சூனர் 30 லட்சத்தை தாண்டுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரக கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் செஸ் சேர்த்து 50 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் விலை உள்ள காருக்கு தமிழகத்தில் சாலை வரி 20 சதவீதம் என்று 2023 நவம்பரில் உயர்த்தினார்கள். 35 லட்ச ரூபாய் காருக்கு ரோடு டேக்ஸ் மட்டும் 7 லட்சம். அந்த காசுக்கு ஒரு புது சின்ன காரே வரும்.

நம்ம ஊர் கணக்கில் சொல்லணுமா? பச்சை தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு சிறு விவசாயிகள் 2023ல் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்ட விலை அப்படியே கிடைத்தாலும் 35 லட்சம் சேர்க்க ஒரு லட்சம் கிலோவுக்கு மேல் இலை பறிக்கணும்!

ஆகவே புது வண்டி நம்ம டிரைவர்களுக்கு எட்டாக்கனி. கண் போவது பழைய வண்டி மேல்தான். அங்கேதான் எண்டவர் ஆசை காட்டுகிறது. கம்பெனி போய் விட்டதால் பார்ச்சூனர் அளவுக்கு அதற்கு மவுசு இல்லை. குறைந்த விலைக்கு பெரிய யானை! யானையை வாங்கி விடலாம், தீனி போட முடியுமா?

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

டெல்லி நம்பர் வண்டி மலிவாக வந்தால் உஷார். 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015ல் பசுமை தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஆமோதித்தது. அங்கே ஓட வழி இல்லாமல் தள்ளி விடும் வண்டியா என்று பாருங்கள். தடையில்லா சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி இரண்டையும் விலையோடு சேர்த்து கணக்கு போடணும்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பாக்கி ரத்தாகி இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோக நம்பர் பிளேட்டோடு வாடகைக்கு ஓட்டினால் அபராதம் மட்டும் இல்லை, விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் சிக்கல். டாக்சி பர்மிட்டுக்கு மாற்றும் செலவையும் சேருங்கள்.

2020 ஏப்ரலுக்கு பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியில் சைலன்சருக்குள் புகைக்கரி வடிகட்டி உண்டு. மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டும் மெதுவாக ஓட்டினால் அது அடைத்துக் கொள்ளும். அவ்வப்போது நீளமான ஓட்டம் வேணும்.

இ-பாஸில் பெரிசு சின்னது இல்லை

2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை சாதாரண நாளில் 6 ஆயிரம், சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். டி.என்.43 உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

எண்ணியது வண்டியைத்தான், ஆளை இல்லை. 5 பேர் நெருக்கி உட்கார்ந்து வரும் சின்ன காரும் ஒரு கணக்கு. புருஷன், பொண்டாட்டி 2 பேர் மட்டும் வரும் 7 சீட் பார்ச்சூனரும் ஒரு கணக்கு. அதே எண்ணிக்கை வண்டி வந்தாலும் பெரிய கார் அதிகமானால் நெரிசல் அதிகம். பார்க்கிங்கில் 3 பெரிய கார் நிற்கும் இடத்தில் 4 சின்ன கார் நிற்கும். மக்கள் பொருமுவது நியாயம்தானே? ஆளை வைத்தோ, வண்டியின் அளவை வைத்தோ கணக்கு பார்க்கலாமா என்று அதிகாரிகள் யோசிக்கலாம்.

கடைசி தீர்ப்பு

ஓட்ட சுகம், வளைவில் திருப்ப லேசு என்று பார்த்தால் எண்டவர். பார்ட்ஸ், மெக்கானிக், திருப்பி விற்கும்போது கிடைக்கும் விலை என்று பார்த்தால் பார்ச்சூனர். சொந்த ஆசைக்கு வாங்குபவர், நின்றாலும் தாங்கும் வசதி உள்ளவர், எண்டவரை ரசிக்கலாம். பிழைப்புக்கு வாங்குபவர் அந்த பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

உண்மையை சொன்னால், வாடகைக்கு ஓட்ட இரண்டுமே தேவை இல்லை. அதே 7 பேரை இன்னோவாவும் ஏற்றும். கூடுதலாக கட்டும் ஒவ்வொரு ரூபாயும் பந்தாவுக்கு கொடுக்கும் காசு. பந்தாவுக்கு மாச தவணை கட்ட பைனான்ஸ்காரர் விட மாட்டார்.

எந்த வண்டி வாங்கினாலும் சரி. ஏறி வருபவருக்கு வழி விடுங்க. இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீங்க!